மக்காச்சோள அடையின் வரலாறு

ஒரு மக்கட்கூட்டத்தின் வரலாற்றை அறிய விழைவோர் முதற்கண் அக்கூட்டத்து அரசர் பெயர்களையும், அவர் ஆற்றிய போர்களையும், எடுப்பித்த கோயில்களையும் தேடுவர். அவற்றைத் தேடுதல் நன்றே. ஆயினும், அரசன் முடிசூடுமுன்னரே அடுப்பு மூண்டது. கோயில் எழுமுன்னரே உலை ஏறியது. அடுப்பங்கரையில் நாடோறும் நிகழ்வதைக் கல்லில் வெட்டி வைப்பார் எவருமிலர். ஆதலின் அவ்வரலாறு எளிதிற் கிடைப்பதில்லை. கிடைத்தவிடத்தோ, அஃது அரசர் வரலாற்றினும் ஆழமுடையதாய் நிற்கக் காண்கின்றோம்.

யாம் இக்கட்டுரை எழுதப் புகுந்தமைக்கு ஒரு சிறு நிகழ்ச்சியே காரணம். எம் பள்ளியில் நண்பகலுணவு வேளையில் மாணவன் ஒருவன் சுவர்ப்புறமாகத் திரும்பி அமர்ந்து, பாத்திரத்தை இடக்கையால் மறைத்துக்கொண்டு உண்பதைக் கண்டோம். உள்ளே இருந்தது கேழ்வரகடை. "ஏன் தம்பி, மறைக்கிறாய்?" என வினவினோம். அவன் விடை கூறாது தலை கவிழ்ந்தான். அருகிருந்த வேறொருவன், "அது ஏழைச் சாப்பாடு, ஐயா" என்றான். அச்சொல் எம்மைப் பன்னாள் உறுத்திற்று. அவனைக் கடிந்து பயன் என்னை? அவன் அதனை வீட்டிலோ வீதியிலோ கேட்டே கற்றிருத்தல் வேண்டும்.

ஒருவர் உண்ணும் உணவைக்கொண்டு அவரை உயர்ந்தோர் என்றும் தாழ்ந்தோர் என்றும் வகுக்கும் வழக்கம் எந்நாட்டினும் உளது. ஒரு நாட்டில் அவ்வழக்கம் எவ்வாறு ஓங்கிற்று, இழித்துரைக்கப்பட்ட அவ்வுணவினுள் எத்துணை அரிய அறிவு மறைந்து கிடந்தது, அவ்வறிவைக் கேளாது விட்ட பிறநாட்டார் எய்திய துன்பம் யாது என்பனவற்றை எடுத்துரைப்பின், நம் பிள்ளைகளுக்குக் கூறத்தக்கதொரு விடை கிடைக்கும் எனக் கருதினோம். அந்நாடு மெக்சிக்கோ, அவ்வுணவு மக்காச்சோள அடை.

பெயரும் ஆக்கமும்

மெக்சிக்கோ நாட்டார் இவ்வடையை இக்காலத்துத் 'தொர்த்தீயா' என வழங்குவர். இது ஸ்பானியச் சொல். சிற்றப்பம் என்னும் பொருளது. கி. பி. 1519-ஆம் ஆண்டில் படையொடு வந்திறங்கிய ஸ்பானியர், தாம் ஆங்குக் கண்ட உணவுக்குத் தம்மூர்ப் பெயரையே சூட்டினர். அந்நாட்டில் அரசோச்சியிருந்த அஸ்தெக்கர் பேசிய நாவாத்து மொழியில் இதன் பெயர் 'தலாஷ்கல்லி' என்பது. நடு மெக்சிக்கோவிலுள்ள தலாஷ்கலா என்னும் நாட்டின் பெயர் இதனடியாகப் பிறந்தது. அடைகளின் இடம் எனப் பொருள்படுவது. அந்நாட்டுக்குரிய பழைய ஓவியக்குறியில், இரண்டு மலைகளுக்கிடையே இரண்டு கைகள் ஓர் அடையைப் பிடித்திருத்தலைக் காணலாம். தம் நாட்டின் பெயரிலும் குறியிலும் அடையைத் தாங்கிய மக்கள், அதனை மறைத்து உண்டிருப்பரோ?

இனி, அதன் ஆக்கத்தை ஒருசிறிது காண்போம். முற்றி உலர்ந்த மக்காச்சோள மணியை அப்படியே அரைத்துப் பிசைந்தால், அம்மா கோதுமை மாவைப்போல இழுவைப்படாது. மெல்லிதாகத் தட்டப் புகின் ஓரங்கள் வெடித்துப் பிளக்கும். மெக்சிக்கோப் பெண்டிர் கைக்கொண்ட முறை வேறு. அவர் சுண்ணாம்பை நீரிற் கரைத்து, அந்நீரில் மணிகளைப் பெய்து வேகவைப்பர். சுண்ணாம்பின் அளவு மிகச் சிறிது. நூறு பங்கு சோளத்துக்கு ஏறத்தாழ ஒரு பங்கே போதுமானது. அடுப்பினின்று இறக்கியபின் இராமுழுதும் அந்நீரிலேயே ஊறவிடுவர். விடியலில் எடுத்துத் தேய்த்துக் கழுவுங்கால், மேற்றோல் வழுவழுத்துக் கழன்று நீரோடு போகும். இவ்வாறு பதஞ்செய்த சோளத்திற்கு 'நிஷ்தமால்' என்று பெயர். நாவாத்து மொழியிற் சாம்பலைக் குறிக்கும் சொல்லும், பிசைந்து அவித்த சோளமாவைக் குறிக்கும் சொல்லும் புணர்ந்து பிறந்ததே அப்பெயர். சுண்ணாம்பேயன்றி மரச்சாம்பலின் காரநீரும் இதற்குப் பயன்பட்டுளது.

பதப்பட்ட சோளத்தை அரைப்பதற்குரிய கருவி 'மெத்தாத்தே' எனப்படும் அரைகல். அது நம் அம்மியை ஒப்பதாயினும், மூன்று குறுங்கால்கள் உடையதாய், அரைப்பாரினின்று அப்பால் நோக்கிச் சரிந்திருக்கும். எரிமலைக் கல்லால் இயன்றது. பெண் அதன்முன் முழந்தாளிட்டு, குழவியை இரு கைகளாலும் பற்றி, உடல் முழுதும் முன்சென்று மீள அரைத்தல் வேண்டும். அரைத்த மாவைச் சிற்றுருண்டையாக எடுத்து, இரு உள்ளங்கைகளுக்கிடையே மாற்றி மாற்றித் தட்டி வட்டமாக்கி, 'கொமால்' என்னும் தட்டையான ஓட்டின்மேல் இடுவர். மண்ணோடாயின், அடை பற்றாதிருத்தற்பொருட்டு அவ்வோட்டின்மேலும் சுண்ணாம்பு நீரைப் பூசுவர். இருபுறமும் திருப்பிச் சுடுங்கால் நல்லடை உப்பியெழும். எண்ணெயும் இல்லை, புளிப்பும் இல்லை, பெரும்பாலும் உப்பும் இல்லை. சோளமும், நீரும், சுண்ணாம்பும், ஒரு பெண்ணின் முதுகெலும்பும் ஆகிய நான்குமே அதன் உறுப்புக்கள்.

சோளத்தின் பிறப்பு

மக்காச்சோளம் தானே காட்டில் விளைந்த கூலமன்று. தென்மேற்கு மெக்சிக்கோவில், பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், 'தெயோசிந்தே' என்னும் ஒருவகைப் புல் உண்டு. அதன் கதிர் விரலளவினது. அதில் உள்ளவை கல்லொத்த ஓடுடைய சில மணிகளே. அப்புல்லையே ஏறத்தாழ 9,000 ஆண்டுகட்கு முன்னர் அந்நாட்டு முதுமக்கள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து விதைத்து, தலைமுறை பல கழிய, நாம் காணும் பெருங்கதிராக ஆக்கினர் என்பது தாவரநூலார் ஆய்ந்து கண்ட முடிபு. ஒஆஹாக்கா மாநிலத்திலுள்ள கீலா நாக்கித்ஸ் என்னும் குகையிற் கிடைத்த கதிர்த்தக்கைகள் ஏறத்தாழ 6,250 ஆண்டுகட்கு முற்பட்டவை எனக் கணிக்கப்பட்டுள்ளன.

இப்பயிருக்கு ஓர் இயல்பு உண்டு. மடல்கள் கதிரை இறுகப் பொதிந்திருத்தலால், மணிகள் தாமே சிதறி முளைத்தல் அரிது. மனிதன் உரித்து விதைத்தாலன்றி மக்காச்சோளம் வாழாது. எனவே, மனிதன் சோளத்தை வளர்த்தான் என்பதும், சோளம் மனிதனை வளர்த்தது என்பதும் ஒருங்கே உண்மையாம். குவாத்தமாலாவில் வாழும் கிச்சே மாயரின் பழங்கதை நூலாகிய போப்பொல் வூ இவ்வுண்மையையே வேறொரு வாய்பாட்டாற் கூறுகின்றது. தேவர்கள் மாந்தரை முதலில் மண்ணாற் செய்தனர், அவர் கரைந்தொழிந்தனர். பின்னர் மரத்தாற் செய்தனர்; அவர் நெஞ்சிலராய் அழிந்தனர். முடிவில் மஞ்சட்சோளமும் வெண்சோளமும் கொண்டு செய்தபோதே மாந்தர் மாந்தராயினர் என்பது அக்கதை. அச்சோளத்தை ஒன்பது முறை அரைத்துக் கொடுத்தவள் ஒரு மூதாட்டியாகிய தெய்வம் என்பதை நேயர்கள் மனங்கொள்ளல் வேண்டும். அதன் பயன் பின்னர் விளங்கும்.

சுண்ணாம்பு நீரில் வேகவைக்கும் முறை இன்றைக்கு 3,000 ஆண்டுகட்கு மேற்பட்ட பழமையுடையது என்பர். முதலில் அம்மாவை மடலிற் பொதிந்து ஆவியில் அவித்து உண்டனர். அதற்குத் 'தமால்' என்று பெயர். பழைய மாயரின் ஓவியங்களில் விருந்துணவாகக் காணப்படுவது அத்தமாலே. அடை அதற்குப் பிற்பட்டது. தட்டையான ஓடுகள் அகழ்விடங்களிற் கிடைக்கத் தொடங்கும் காலத்தைக் கொண்டே அடையின் தோற்றத்தைக் கணித்தல் இயலும். நகரங்கள் பெருகி, மக்கள் வீட்டைவிட்டுத் தொலைவிற் சென்று உழைக்கவும் போரிடவும் நேர்ந்த காலத்தில் அடை பெருவழக்கெய்தியது என ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவர். அதற்குக் காரணமும் உண்டு. அவித்தது ஈரமுடையது, விரைவிற் கெடும். சுட்ட அடையோ உலர்ந்தது, மேலும் காய்ச்சின் பன்னாள் நிற்கும். வழிநடப்போர்க்கும் படைவீரர்க்கும் அஃதே கட்டுச்சோறு.

அஸ்தெக்கர் வாழ்வில் அடை பெற்றிருந்த இடத்தை, கி. பி. 1541-ஐ அடுத்து ஓவியமாக வரையப்பட்ட மென்தோசா ஏடு இனிது காட்டும். பிள்ளைகளை வளர்க்கும் முறை அதில் ஆண்டுவாரியாக வரையப்பட்டுள்ளது. 3 வயதுக் குழவிக்கு வேளைக்கு அரையடை. 4, 5 வயதில் ஓரடை. 6 முதல் 12 வரை ஒன்றரையடை. 13 வயதினர்க்கு இரண்டடை. அப்பதின்மூன்றாம் வயதிற்றான் தாய் தன் மகளை அரைகல்லின்முன் முழந்தாளிடச் செய்து, அரைக்கவும் அடை சுடவும் பயிற்றுகின்றாள். பெர்னார்தினோ தே சாகூன் என்னும் துறவியார், அந்நாட்டு முதியோரை வினவி அவர்தம் மொழியிலேயே தொகுத்த பெருநூலில், பெருமக்கள் உண்ட பலவகை அடைகளும், சந்தையில் அடை விற்போர் இயல்பும் விரித்துரைக்கப்பட்டுள்ளன. அடை அன்று ஏழையின் உணவன்று. அரசனும் உழவனும் ஒப்ப உண்ட உணவு.

மணி சென்றது, முறை செல்லவில்லை

கி. பி. 1521-ஆம் ஆண்டில் அஸ்தெக்கர் தலைநகர் வீழ்ந்தது. வென்றவர் கோதுமை உண்பவர். அவர்தம் சமய வழிபாட்டு அப்பமும் கோதுமையாலேயே ஆதல்வேண்டும் என்பது விதி. எனவே கோதுமை வெற்றியாளர் உணவாயிற்று. சோளம் தோற்றவர் உணவாயிற்று. அதுமுதல் ஒரே நகரில் இருவகை அடுப்புக்கள் எரிந்தன. உணவு மாறவில்லை, அதனை நோக்கிய கண் மாறியது.

ஆயினும் சோளமணியைப் பெற்றுக்கொள்ள அவர் தயங்கவில்லை. கொலம்பஸ் 1493-ல் முதன்முறை மீண்டபோதே அது ஐரோப்பாவை அடைந்தது. சிறுநிலத்தில் மிகுவிளைவு தரும் பயிராதலின், ஸ்பெயின், இத்தாலி முதலிய நாடுகளிலும், ஆப்பிரிக்காவிலும், ஆசியாவிலும் பரவிற்று. நம் நாட்டிற்கு மிளகாய் கடல்கடந்து வந்ததும் அவ்வலையிலேயே. ஆனால் கப்பலேறியது மணி மட்டுமே. சுண்ணாம்பு நீர் ஏறவில்லை. ஐரோப்பியர்க்கு நீராலும் காற்றாலும் சுழலும் திரிகைகள் இருந்தன. உலர்ந்த மணியை அவற்றில் இட்டால் மாவாகிவிடும். பின் ஏன் சுண்ணாம்பு? ஏன் இராமுழுதும் ஊறல்? தோற்ற நாட்டுப் பெண்டிர் வீண்வேலை செய்கின்றனர் என்றே அவர் எண்ணியிருத்தல் கூடும். 'ஏன் செய்கின்றீர்?' என்று வினவியார் உளராகத் தெரியவில்லை.

அதன் விளைவு மெல்லத் தோன்றிற்று. கி. பி. 1735-ல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் கஸ்பார் கசால் என்னும் மருத்துவர், சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழை உழவரிடத்து ஒரு புதுநோயைக் கண்டார். வெயில்படும் இடங்களில் தோல் சிவந்து தடித்து வெடிக்கும், வயிறு கழியும், நாளடைவில் அறிவு திரியும், முடிவில் உயிர் போகும். 1771-ல் இத்தாலிய மருத்துவர் பிரான்செஸ்கோ பிரப்பொல்லி, முரட்டுத்தோல் என்னும் பொருள்படப் 'பெல்லாக்ரா' என அதற்குப் பெயரிட்டார். வட இத்தாலியில் அந்நோயால் அறிவிழந்தோர் பித்தர் விடுதிகளை நிரப்பினர். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏறத்தாழ 30 லட்சம் பேர் நோயுற்று, 1 லட்சம் பேர் மாண்டனர் என்பது கணக்கு. அவருட் பெரும்பாலோர் பருத்திக் காட்டிலும் ஆலையிலும் உழைத்த ஏழைகள். சோளமாவும், வெல்லப்பாகும், பன்றிக்கொழுப்புமே அவர்தம் உணவு.

இந்நோய் ஒட்டுவாரொட்டி என்றே மருத்துவர் பலர் சாதித்தனர். 1914-ல் இதனை ஆராய அரசினரால் ஏவப்பட்ட ஜோசப் கோல்ட்பர்கர் என்னும் மருத்துவர், நோயுற்றோர் விடுதிகளிற் பணிசெய்வோரை நோய் பற்றாமையைக் கண்டு, இது தொற்றன்று, உணவின் குறையே எனத் துணிந்தார். 1915-ல் மிசிசிப்பி மாநிலத்துச் சிறைப்பண்ணையொன்றில், உடன்பட்ட சிறையாளர் 11 பேர்க்கு அவ்வேழையுணவையே கொடுத்துவர, சில திங்களுள் 6 பேர்க்கு நோய் தோன்றிற்று. அதனையும் நம்பாதார்பொருட்டு, நோயாளரின் குருதியைத் தம் உடலில் ஏற்றியும், அவர்தம் கழிவைத் தாமே விழுங்கியும் காட்டினார் அப்பெருந்தகை. அவர் 1929-ல் மறைந்தபின், 1937-ல் கான்ராட் எல்வெஜெம் என்பார், குறைந்த பொருள் நயாசின் என்னும் உயிர்ச்சத்தே எனக் கண்டறிந்தார்.

இனி, மறை வெளிப்பட்டது. சோளமணியுள் நயாசின் இல்லாமலில்லை, உளது. ஆனால் அது பிறபொருள்களோடு பிணிப்புண்டு கிடத்தலின், உடல் அதனைக் கொள்ளமாட்டாது. சுண்ணாம்பு நீரின் காரம் அப்பிணிப்பை அவிழ்க்கின்றது. அதுவன்றியும், தோலின் பசைப்பொருளைக் கரைத்து மாவுக்கு ஒட்டுந்தன்மை தருகின்றது. எலும்பிற்கு வேண்டும் சுண்ணச்சத்தையும் கூட்டுகின்றது. மெக்சிக்கோ மக்கள் அடையோடு அவரையினப் பருப்பையும் மிளகாயையும் உடனுண்டமையும் அவர்க்குத் துணைசெய்தது. ஆதலின், சோளமே உணவாக ஆயிரமாயிரம் ஆண்டு வாழ்ந்த அம்மக்களிடையே இந்நோய் ஐரோப்பாவிற் போலப் பரவவில்லை. 1735 முதல் 1937 வரை இருநூறாண்டு மேனாட்டு மருத்துவர் தேடிய விடை, அவ்வளவு காலமும் ஓர் ஏழைப் பெண்ணின் பானையில் ஊறிக்கொண்டிருந்தது.

இழித்துரைத்தார் கொள்கை

இவ்வுண்மை வெளிப்படுமுன்னர், மெக்சிக்கோவின் கற்றறிந்தாரே தம்மக்கள் உணவைப் பழித்தனர். 1899-ல் பிரான்சிஸ்கோ புல்னெஸ் என்னும் அரசியலறிஞர் ஒரு நூல் வெளியிட்டார். உலக மக்களைக் கோதுமை உண்போர், நெல்லரிசி உண்போர், சோளம் உண்போர் என மூன்றாக வகுத்து, முன்னேற்றம் கோதுமையினர்க்கே உரியது எனவும், சோளமே பழங்குடியினரை மடிமையில் ஆழ்த்திற்று எனவும் அவர் முடிவுகட்டினார். அரிசி உண்ணும் நாமும் அவர் வகுப்பில் முதலிடத்தேம் அல்லேம் என்பதை நேயர்கள் நினைவிற்கொள்க! கேழ்வரகைக் கண்டு நகைக்கும் அரிசியுணவினன், தன்னைக் கண்டு நகைக்கும் கோதுமையுணவினன் ஒருவன் உளன் என்பதை அறியான். இவ்வேணிக்கு மேற்படி எங்கே உளது?

புல்னெஸ் கொள்கையைப் பலர் நம்பினர். நாட்டை உயர்த்த விரும்பியோர், மக்களைச் சோளத்தினின்று கோதுமைக்கு மாற்றுதல் வேண்டும் என எழுதினர். வறுமைக்குக் காரணம் நிலம் இன்மையா, கூலி இன்மையா என ஆராய்வதினும், அடையைக் குறைகூறுதல் எளிதன்றோ? பின்னர் உணவாராய்ச்சியாளர் மெஸ்கித்தால் பள்ளத்தாக்கில் வாழும் ஓத்தொமி என்னும் வறிய பழங்குடியினரின் உணவை அளந்து ஆய்ந்து 1946-ல் முடிபுகளை வெளியிட்டனர். அடையும், நாட்டுக்கீரைகளும், கற்றாழைச்சாற்றுக் கள்ளும் கொண்ட அவ்வுணவு, எண்ணியதினும் பெரிதும் சத்துடையது எனத் தெரியவந்தது. குறை சோளத்தில் இல்லை. உண்ணப் போதிய சோளமும் அதனொடு சேர்த்துண்ணும் பிறவும் கிடையாமையிலேயே இருந்தது.

அரைகல்லின் சுமை

பழைமையைப் புகழ்வார் மறந்துவிடும் ஒன்றை யாமும் மறந்துவிடலாகாது. ஒரு குடும்பத்துக்கு வேண்டும் அடையை அரைத்துச் சுடுதற்கு ஒரு பெண் நாடோறும் ஐந்தாறு மணிநேரம் அக்கல்லின்முன் முழந்தாளில் நின்றாள். அரைத்த மா மறுநாள் புளிக்குமாதலின், ஒருநாளும் ஓய்வில்லை. பழைய கல்லறைகளிற் கிடைக்கும் பெண்டிர் எலும்புகளில் முழங்காலும் முதுகும் தேய்ந்த அடையாளங்களை ஆய்வாளர் காண்கின்றனர். அவ்வரிய அறிவைக் காத்தவளும் அவளே. அதன் விலையை உடலாற் கொடுத்தவளும் அவளே.

ஊறிய சோளத்தை அரைக்கும் பொறியாலைகள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகரங்களிலும், 1920-களிலும் 1930-களிலும் சிற்றூர்களிலும் தோன்றின. ஆடவர் பலர் எதிர்த்தனர். பொறியில் அரைத்தது சுவையில்லை என்றனர். பெண்கள் ஆலைக்குச் செல்லின் வம்பளப்பர், மடிமையுறுவர் என்றனர். பெண்டிரோ கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து ஆலை வேண்டி அரசினரிடம் விண்ணப்பித்தனர். 1934 முதல் 1940 வரை ஆண்ட லாசரோ கார்தெனாஸ் காலத்தில் பல ஊர்ப் பெண்கள் சங்கங்கட்கு ஆலைகள் வழங்கப்பட்டன. முறை மாறவில்லை, சுண்ணாம்பு நீர் மாறவில்லை, முழந்தாள் மட்டும் விடுதலை பெற்றது. மரபைக் காத்தல் என்பது சத்தைக் காத்தலேயன்றிச் சுமையைக் காத்தலன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று யாம் கண்டிலேம்.

பிற்காலத்து நிகழ்ச்சிகள்

1949-ல் நுவேவோ லியோன் மாநிலத்துச் செரால்வோ என்னும் ஊரில், பதஞ்செய்த சோளத்தை உலர்த்தி மாவாக விற்கும் ஆலை ஏற்பட்டது. நீர் சேர்த்துப் பிசைந்தாற் போதும். இதனால் வேலை குறைந்தது. நாட்டுச் சோளவகைகளின் மணமும் குறைந்தது என்பார் பலர். 1994-ல் வட அமெரிக்க வணிக உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தபின், ஐக்கிய அமெரிக்காவின் மலிவான சோளம் பெருக வந்து, சிறு உழவர் பலர் நிலத்தை விட்டகல நேர்ந்தது. 2007-ன் தொடக்கத்தில் அடையின் விலை திடீரென ஏறிற்று. சனவரி 31-ஆம் நாள் மெக்சிக்கோ நகர வீதிகளில் பல்லாயிரவர் திரண்டு முறையிட்டனர். அரசினர் விலையை அதற்கு முன்னரே கிலோ ஒன்றுக்கு 8.50 பெசோ என வரையறுக்க முயன்றிருந்தும் மக்கள் சினம் தணியவில்லை. சோளம் இன்றேல் நாடு இல்லை என்பது அவ்வாண்டில் எழுந்த இயக்கத்தின் முழக்கம்.

2010-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி பண்பாட்டு நிறுவனம் மெக்சிக்கோவின் மரபுச் சமையலை மனிதகுலத்தின் மரபுச்செல்வங்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. சுண்ணாம்பு நீர் முறையும் அரைகல்லும் அவ்வேற்பிற் பெயர்கூறப்பட்டன. அந்நாட்டிற் காணப்படும் 64 சோள இனங்களுள் 59 அம்மண்ணுக்கே உரியவை எனக் கணக்கிட்டுள்ளனர். 2025-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், சோளம் நாட்டின் அடையாளங்களுள் ஒன்று எனவும், மரபணு மாற்றிய சோளத்தைப் பயிரிடல் ஆகாது எனவும் அந்நாட்டு அரசியற்சட்டத்திலேயே விதி செய்தனர். ஒருகாலத்துத் தாழ்வின் குறியாக இருந்த அடை, நாட்டின் அடையாளமாயிற்று.

முடிவுரை

இவ்வரலாற்றை யாம் எம் வகுப்பில் எடுத்துரைத்தோம். 'ஏழைச் சாப்பாடு' என்ற அம்மாணவனே முடிவில் எழுந்து, "சோளத்தோடு சுண்ணாம்பு சேர்க்க அவர்களுக்கு யார் ஐயா சொல்லிக்கொடுத்தது?" என வினவினான். நல்ல வினா. அவள் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. ஏதோ ஒரு பானையருகே, ஏதோ ஒரு விடியலில், தோல் எளிதிற் கழல்வதைக் கண்டு, அதனைத் தன் மகளுக்குக் காட்டிய ஒருத்தி இருந்திருத்தல் வேண்டும். அம்மகள் தன் மகளுக்குக் காட்டினாள். ஏட்டிலேறாத அவ்வறிவு மூவாயிரம் ஆண்டு கைமாறி வந்தது. ஏடு கற்றார் அதனை எட்டிப்பிடித்தது 1937-ல்.

அன்பர்களே, நம் வீடுகளிலும் பாட்டியர் உளர். இதனை ஊறவை, அதனோடு இதனைச் சேர்க்காதே, இன்ன திங்களில் இன்ன கூலம் உண் என அவர் கூறும் சொற்களுள் எது உண்மை, எது வெறும் வழக்கம் என்பதை யாம் முன்னரே அறியேம். ஆராய்ந்தே தெளிதல் வேண்டும். ஆயின், ஆராய்தற்கு முதலில் கேட்டல் வேண்டும். கேட்டதை எழுதிவைத்தல் வேண்டும். இம்மாதம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிள்ளை தன் பாட்டியின் அருகமர்ந்து, ஓர் உணவின் முறையையும் அதன் காரணத்தையும் கேட்டு ஒரு தாளில் எழுதுவானாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யாம் எய்தினேம் ஆவோம்.

கேழ்வரகடை கொணர்ந்த சிறுவன் இப்பொழுது சுவர்ப்புறம் திரும்பி அமர்வதில்லை. நேற்று அவன் அதில் ஒரு துண்டைப் பிட்டு, நகைத்தவனுக்கே கொடுத்தான்; அவனும் உண்டான்.